ஒரு அடிக் குழியில் எத்தனை மண்புழு?

வடக்கு மாகாண விவசாயத் திணைக்களத்தின் பணிப்பாளர் அவர்களுக்கும், தோட்டந் தோட்டமாக ஏறி இறங்கும் விவசாயப் போதனாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் உயர்தர வகுப்புகளுக்கு முப்பத்தொரு வருடம் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். அதற்கு முன்பே தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. உரும்பிராயில் ஐயா செய்த எட்டுப் பரப்புத் தறையை (தோட்ட நிலத்தை) இப்போது தம்பி செய்கிறான். வெங்காயம், அது கிண்டியதும் பீற்றூட் அல்லது கோவா, இடையில் மிளகாய். சென்ற மார்கழியில் அந்தத் தறையில் நான் கண்ட ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

மழை விட்டு இரண்டு நாள். வெங்காயத்தில் அழுகல் தொடங்கியிருந்தது. தம்பி ஒரு மருந்துக்கடைக்குப் போய்ப் பயிரின் நிலையைச் சொன்னான். அவர்கள் இரண்டு பைக்கற்றும் ஒரு போத்தலும் கொடுத்து, மூன்றையும் ஒரே தாங்கியில் கலந்து அடியில் விழும்படி ஊற்றச் சொன்னார்கள். பின்னேரம் ஊற்றினான். மறுநாள் விடியத் தேநீர் கொண்டுபோன நான் முதல் பாத்தியிலேயே நின்றுவிட்டேன். ஈர மண்ணின் மேல் நாக்கிளிப்புழுக்கள், அதாவது மண்புழுக்கள், வெளியே வந்து கிடந்தன. மழைக்கு வெளியே வரும் புழு ஊர்ந்து போகும். இவை ஊரவில்லை. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தலைப்பக்கத்தில் இருக்கும் வெளிறிய வளையம் வீங்கிப் புடைத்திருந்தது. அதற்குக் கீழே உடல், நூலால் இடையிடையே இறுக்கிக் கட்டியதுபோல, மணிமணியாகச் சுருங்கியிருந்தது. வால் நுனி கறுத்து, தொட்டவுடன் கழன்றது. தோலிலிருந்து மஞ்சளாக ஒரு நீர் கசிந்து விரலில் ஒட்டியது. ஒரு பாத்தியில் நாற்பது வரை எண்ணினேன். பிறகு எண்ண மனம் வரவில்லை. வரம்பில் இரண்டு மைனா வந்து கொத்திக்கொண்டிருந்தன. கல்லெறிந்து கலைத்தேன். அவை எதைத் தின்கின்றன என்று அவற்றுக்குத் தெரியாதே.

"நாக்கிளிப்புழுதானே அக்கா. வெங்காயம் தப்பட்டும்" என்றான் தம்பி. அவனை நான் குறை சொல்லவில்லை. விதை வெங்காயத்துக்கு வாங்கிய கடன் அவன் தலையில். சந்தையில் விலை எப்போது விழும் என்பது அவன் கையில் இல்லை. அழுகல் ஒரு கிழமையில் தறையையே தின்றுவிடும். அந்த நிலையில் இருப்பவனிடம் புழுவுக்காக இரங்கச் சொல்வது நியாயமில்லை. ஆனால் அந்தப் புழு அவனுடைய தோட்டத்தில் கூலி வாங்காமல் வேலை செய்தது என்பதையும், நேற்று ஊற்றியதில் எது அதைக் கொன்றது என்பதையும், அதற்குப் பதிலாக வேறு என்ன செய்திருக்கலாம் என்பதையும் அவனுக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்கள் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரத் தோலால் மூச்சு விடுகிறது. மண் நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் எந்த வழியால் உள்ளே போகிறதோ, அதே வழியால் அந்த நீரில் கரைந்த நஞ்சும் போகிறது. போதாததற்கு அது மண்ணையே உண்டு வாழ்கிறது. மண் துணிக்கையில் ஒட்டியிருப்பது குடலால் உள்ளே போகும். கவசம் போட்ட வண்டுக்கோ சிறகுள்ள பூச்சிக்கோ தப்ப ஒரு வழி இருக்கலாம். மண்புழுவுக்கு உடல் முழுவதுமே வாய்.

உள்ளே போன பிறகு நடப்பது நஞ்சுக்கு நஞ்சு வேறுபடும். ஒகனோபொசுபேற்று, காபமேற்று வகைப் பூச்சிநாசினிகள் நரம்பைத் தாக்குகின்றன. ஒரு நரம்பிலிருந்து அடுத்ததற்குச் செய்தி கடந்ததும் அந்தச் செய்திப் பொருளைத் துடைத்து அகற்ற ஒரு நொதியம் இருக்கிறது. இந்த நஞ்சுகள் அதைக் கட்டிப்போடுகின்றன. செய்தி நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கும். தசை இறுகும், புழு முறுகும், கடைசியில் அசைவற்றுப் போகும். காபோபியூரான் இதில் மிகக் கொடியது. இமிடாகுளோபிரிட் போன்ற புதிய வகைகளும் நரம்பையே வேறொரு இடத்தில் பிடிக்கின்றன. குறைந்த அளவிலும்கூடப் புழு வளை தோண்டுவதைக் குறைத்துக்கொள்கிறது. வளை தோண்டாத மண்புழு உயிரோடு இருந்தும் தோட்டத்துக்கு இல்லாததுதான்.

சாவு கண்ணுக்குத் தெரியும். அன்று விடிய நான் கண்டது அது. அதைவிடப் பெரிய இழப்பு சாகாத புழுவில் இருக்கிறது என்பதை, பிறகு வாசித்துத்தான் அறிந்தேன். டென்மார்க்கையும் பிரான்சையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இருபது ஆண்டுகளாக மருந்தடித்த நிலத்தின் மண்புழுக்களை, மருந்து படாத நிலத்தின் மண்புழுக்களோடு ஒப்பிட்டார்கள். மருந்தடித்த நிலத்துப் புழுக்கள் நஞ்சை உடைத்து வெளியேற்றப் பழகியிருந்தன. ஆனால் அந்த வேலைக்கே அவற்றின் சேமிப்புச் சக்தி போய்க்கொண்டிருந்தது. மருந்தில்லாத நிலத்தில் புழுக்களின் தொகை இரண்டு மூன்று மடங்கு. ஒவ்வொன்றின் எடையும் இரு மடங்கு. எங்கள் தோட்டத்தில் எப்போதாவது மண்வெட்டியில் அகப்படும் அந்த மெலிந்த, நூல் போன்ற புழுக்களை நான் குஞ்சுகள் என்றே நினைத்திருந்தேன். கழுத்து வளையத்தை உற்றுப் பார்த்தபோதுதான் சில வளர்ந்து முதிர்ந்தவை என்று தெரிந்தது.

களைநாசினி புழுவுக்கு ஒன்றும் செய்யாது என்று நம்புகிற தோட்டக்காரர் பலர். புல்லைக் கொல்வது புழுவை ஏன் கொல்லப் போகிறது என்பது அவர்கள் கேள்வி. ஒஸ்திரியாவில் 2015 இல் வெளிவந்த ஆய்வு கிளைபோசேட் கலந்த களைநாசினியைப் பார்த்தது. மேற்பரப்புக்கு வந்து எச்சம் தள்ளும் ஒருவகை மண்புழு, தெளித்த மூன்று கிழமைக்குள் அந்த வேலையை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. மண்ணுக்குள்ளேயே வாழும் இன்னொரு வகையின் இனப்பெருக்கம் மூன்று மாதத்தில் 56 விழுக்காடு குறைந்தது. 2021 இல் பீடைநாசினிகள் பற்றிய ஏறத்தாழ 400 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், மண்ணில் வாழும் முள்ளந்தண்டற்ற உயிர்கள் மீது அளவிடப்பட்டவற்றில் 70.5 விழுக்காட்டில் பாதிப்பே காணப்பட்டது என்றார்கள்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது போத்தலில் ஒட்டியிருக்கும் நிறப்பட்டியைப் பற்றி. தம்பி அதைப் பார்த்துத்தான் வாங்குகிறான். சிவப்பென்றால் பயப்படுவான், பச்சையென்றால் துணிவான். அந்தப் பட்டி சொல்வது மனித உடலுக்கு உள்ள உடனடி ஆபத்தை மட்டுமே. மண்ணுக்குள் இருப்பவற்றைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. கார்பென்டசிம் என்ற பங்கசுநாசினியை எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படுத்தலில், முறையாகப் பாவித்தால் உடனடி ஆபத்து வர வாய்ப்பில்லாதவை என்ற பிரிவில் அது இருக்கிறது. அதே கார்பென்டசிம்தான், மண்புழு இனப்பெருக்கச் சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று சரிபார்க்க ஆய்வுகூடங்களில் வைத்திருக்கும் ஒப்பீட்டு நஞ்சு. சோதனையில் அதைப் போட்டும் புழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், சோதனையில்தான் பிழை என்று கொள்வார்கள். புழுவை அவ்வளவு உறுதியாகத் தாக்கும் பொருள், மனிதருக்கு உடனடி ஆபத்துக் குறைந்த பிரிவில் இருக்கிறது. வெங்காயம் செய்பவர்களுக்கு நன்கு தெரிந்த தயோபனேற் மெதைல் என்ற பங்கசுநாசினியும், மண்ணிலும் செடியிலும் மாறி இந்தக் கார்பென்டசிமாகவே ஆகிறது. தம்பி தூக்கி வீசியிருந்த பைக்கற்றை வரம்போரத்திலிருந்து எடுத்து, கழுவி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். மீனுக்கு ஆபத்து, தேனீக்குக் கவனம் என்றெல்லாம் இருந்தது. மண்புழு என்ற சொல் இல்லை.

நம் நாட்டில் நஞ்சுகளைத் தடை செய்த வரலாறும் இப்படித்தான். மொனோகுரொட்டபொசும் மெதாமிடபொசும் 1995 இல் போயின. எண்டோசல்பான் 1998 இல். பரகுவாட் 2008 இலிருந்து படிப்படியாக. இவை பெரும்பாலும் மனித உயிர்களைக் காக்கச் செய்யப்பட்டவை, காத்தும் இருக்கின்றன. அந்த நஞ்சுகளைக் குடித்து இறந்தவர்களின் செத்தவீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். அந்தத் தடைகளுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஆனால் ஒன்று போக, அதன் இடத்துக்கு இன்னொன்று வந்தபோது, அது மண்ணுக்கு எப்படி என்று யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்கு எவரும் சொல்லவில்லை.

இயற்கை விவசாயம் பேசும் நண்பர்களுக்கும் இங்கே ஒரு சொல். முந்திரிகைத் (திராட்சை) தோட்டங்களில் அடிக்கும் போர்டோக் கலவை பழையது, செப்பும் சுண்ணாம்பும்தானே என்பார்கள். செப்பு உக்காது. உடையாது. அடித்த ஒவ்வொரு தடவையும் மேல்மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். செப்பு மிகுந்த மண்ணை விட்டு மண்புழு விலகி ஓடும். பழையதா புதியதா, இயற்கையா செயற்கையா என்று பார்த்துப் பிரிப்பதில் புழுவுக்குப் பயனில்லை.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். வலிகாமத்தின் செம்பாட்டு மண்ணை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். காய்ந்தால் மேலே ஆடை படியும். சேற்றில் மிதித்தால் இறுகும். கீழே நேரே சுண்ணக்கல். வெடிப்பும் பொந்துமாக, நிலாவரை போன்ற ஆழம் காணக் கடினமான கிடங்குகளுமாக நிற்கும் கல். நமக்கு வற்றாத ஆறு எதுவும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை விழும் மழை மண்ணுக்குள் இறங்கி அந்தக் கல்லின் பொந்துகளில் தங்குவதே நம் குடிநீர். மண்புழுவின் வளைகள் அந்த மழை இறங்கும் வாசல்கள். புழு தள்ளும் குருணை எச்சம்தான் மண்ணைத் துணிக்கை துணிக்கையாகக் கட்டி, நீர் தங்கவும் வேர் நுழையவும் இடம் வைக்கிறது. அந்த எச்சத்தில் பயிர் எடுக்கக்கூடிய நைதரசனும் பொசுபரசும் சுற்றியுள்ள மண்ணைவிடக் கூடுதலாக இருக்கும். மண்புழு இருந்தால் பயிர் விளைச்சல் சராசரியாக 25 விழுக்காடு கூடுகிறது என்று 2014 இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். யூரியா மூட்டை விற்கும் விலையில் இந்தக் கணக்கு எந்தத் தோட்டக்காரனுக்கும் விளங்கும்.

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது ஊரே எழுந்தது. எழுந்ததற்குக் காரணம் எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, மூக்குக்கு மணத்தது. நம் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதைப் பற்றிப் பல வருடமாகப் பேசி வருகிறோம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தோட்டத்தில் ஊற்றும் நஞ்சும் அப்படியே. அது கல்லுக்குள் இறங்கும் முன் சந்திக்கும் முதல் உயிர் மண்புழு. கிணற்று நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, காசு கட்டி, முடிவுக்குக் காத்திருக்கும் நமக்கு, தறையில் ஒரு அடி தோண்டினால் தெரியும் எச்சரிக்கை ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஏன் பார்க்காமல் விடுகிறோம்?

நான் தோண்டிப் பார்த்தேன். ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம். மண்ணைச் சாக்கில் கொட்டிக் கையால் உடைத்து, அகப்பட்டவற்றை ஒரு சிரட்டையில் போட்டு எண்ணினேன். தம்பியின் வெங்காயத் தறையில் மூன்று குழிகள். இரண்டில் ஒன்றுமில்லை, மூன்றாவதில் இரண்டு. வீட்டு வளவில், மாமரத்தடியில், கூட்டிக் குவிக்கும் சருகுக்குப் பக்கத்தில் ஒரு குழி. பத்தொன்பது. இரண்டுக்கும் இடையில் நாற்பது யார் தூரமும் ஒரு கதிகால் வேலியும்.

கணவரின் பூர்வீகக் காணி வலிகாமம் வடக்கில். யுத்தத்தால் 1990 இல் விட்டுவிட்டு ஓடிய நிலம். கால் நூற்றாண்டுக்கு மேல் உள்ளே போக முடியவில்லை. இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்டு முதல் முறை போனபோது வீடு இருந்த இடமே தெரியாமல் பற்றை. பற்றையை வெட்டி, கிணற்றுக் கட்டைத் தேடி, ஒரு மூலையில் மரவள்ளிக்குத் தோண்டிய மச்சான் எங்களைக் கூப்பிட்டார். செம்மண் கறுத்திருந்தது. கையில் எடுத்தால் புட்டு மா போல உதிர்ந்தது. மண்வெட்டி போன இடமெல்லாம் நாக்கிளிப்புழு. அந்த நிலம் எப்படி அப்படி ஆனது என்பது நாங்கள் யாரும் விரும்பி ஏற்ற விலையல்ல. இழந்த ஆண்டுகளுக்கு அது ஈடும் அல்ல. ஆனாலும் ஆசிரியையாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரே செம்மண், ஒரே மழை, ஒன்றில் கால் நூற்றாண்டுக்கு மேல் நஞ்சு விழவில்லை, மற்றதில் விழுந்தது. இப்படி ஒரு ஒப்பீடு வேறு எங்கும் கிடைக்காது. விடுவித்த காணிகளிலும் இப்போது மருந்துத் தாங்கி முதுகில் ஏறிவிட்டது. இன்னும் சில வருடத்தில் அந்த ஒப்பீடும் இல்லாமல் போகும்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யூரியா வரவில்லை. மருந்து அரிதாகத்தான் கிடைத்தது. ஐயா தன் தகப்பன் செய்ததுபோலக் குழை தாழ்த்தினார். பூவரசங்குழை, கிளிசரியாக் குழை, வேலியில் வெட்டியது எல்லாம். வடலி ஓலையைக் கிழித்துச் சாலில் பரப்பி மண் மூடினார். ஆட்டுப் பட்டி கட்டுபவரை அழைத்து இரண்டு இரவு தறையில் ஆடு மறித்தார். இறைப்பு நாளில் வாய்க்கால் நீர் பாத்திக்குள் ஏறும்போது கொக்கு பின்னால் வரிசையாக நடந்து வரும். நீருக்கு மேலே வரும் புழுவுக்காக. அந்தக் காலத்தை நான் ஏக்கத்தோடு சொல்லவில்லை. பசியும் பயமும் மிகுந்த காலம் அது. வெங்காயமும் சிறுத்தது. ஆனால் கொக்கு வந்தது. தம்பி தறையில் நீர் மாறும்போது நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன், ஒரு கொக்குக்கூட இறங்குவதில்லை.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை, மருந்து இறக்குமதி ஒரே நாளில் நிறுத்தப்பட்டதையும், நவம்பரில் அது கைவிடப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. அந்த ஆறு மாதம் தோட்டக்காரரின் நம்பிக்கையை உடைத்தது. இன்று மண்ணைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே, "அக்கா, நீங்களும் அந்தக் கதையா?" என்று கேட்கிறார்கள். நான் அந்தத் தடையைத் திரும்பக் கேட்கவில்லை. தம்பி அழுகலுக்கு மருந்தே ஊற்றக்கூடாது என்றும் சொல்லவில்லை. எதை, எவ்வளவு, எங்கே, எப்போது என்று தெரிந்து ஊற்றட்டும்.

ஆகவே என் முதல் வேண்டுகோள் எண்ணிக்கை. ஒவ்வொரு போதனாசிரியர் பிரிவிலும் சில தறைகளைத் தெரிந்தெடுங்கள். வெங்காயத் தறை, புகையிலைத் தறை, உருளைக்கிழங்குத் தறை, வாழைத்தோட்டம், மருந்து படாத வளவு ஒன்று, முடிந்தால் வலிகாமம் வடக்கில் விடுவித்த காணி ஒன்று. மாரி மழை நன்றாக இறங்கிய பின், விடியற்காலையில், ஒரு அடிக் குழி தோண்டி எண்ணி எழுதுங்கள். ஒரு தறையில் ஒரு குழி போதாது, குறைந்தது ஐந்து வேண்டும். ஆழத்தில் இருப்பவற்றை எடுக்கக் கடுகுத் தூளை நீரில் கரைத்துக் குழியில் ஊற்றினால் தோல் எரிச்சலில் மேலே வரும். நல்ல நீரில் கழுவி, வளவில் விட்டுவிடலாம். அந்த வருடம் அந்தத் தறையில் என்னென்ன ஊற்றினார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இதற்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், வெளிநாட்டு உதவியும் வேண்டாம். மண்வெட்டியும் கொப்பியும் போதும். மூன்று மாரி எண்ணினால், எந்தப் பயிரின் எந்தப் பழக்கம் மண்ணை வெறுமையாக்குகிறது என்பது நம் கையில் இருக்கும்.

இரண்டாவது, நம் புழுவில் சோதனை. உலகெங்கும் நஞ்சுகளின் பதிவுக்காகச் செய்யப்படும் மண்புழுச் சோதனைகளில் பெரும்பாலும் பயன்படுவது எருக்குவியலில் வாழும் சிவப்புப் புழு. வளர்ப்பது இலகு என்பதற்காகத் தெரிந்தெடுத்தது. வயல் மண்ணில் வாழும் வேறு சில இனங்கள் அதைவிட நஞ்சுக்கு இலகுவில் பாதிக்கப்படுகின்றன என்று பிறகு கண்டிருக்கிறார்கள். சோதனை நடப்பது 20 பாகை வெப்பநிலையில், மணலும் வெண்களியும் பீற்றும் கலந்த செயற்கை மண்ணில். நமது செம்பாட்டையோ நமது வெயிலையோ அது அறியாது. வெப்ப வலயத்து நிலைமையில் காபோபியூரான், குளோபைரிபொஸ், மான்கோசெப் ஆகியவற்றை மண்புழுவில் இலங்கை ஆய்வாளர்கள் ஏற்கெனவே சோதித்திருக்கிறார்கள். ஆகவே இது நம் நாட்டில் முடியாத வேலையல்ல. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. திணைக்களம் கேட்டால், வலிகாமத்துச் செம்மண்ணில், வலிகாமத்துப் புழுவில், நம் தோட்டக்காரர் இன்று பாவிக்கும் நஞ்சுகளை வைத்து இந்தச் சோதனையைச் செய்ய மாணவர்கள் கிடைக்காமல் போக மாட்டார்கள். தனித்தனி நஞ்சை மட்டும் பார்த்தால் போதாது. தம்பியின் தாங்கியில் மூன்று சேர்ந்திருந்தன. அந்தச் சேர்க்கை எந்தப் போத்தலின் சுட்டுத்துண்டிலும் எழுதப்பட்டதல்ல.

பள்ளிக்கூடங்களும் இதில் சேரலாம். தம்பியின் மகள் பத்தாம் தரம். அவளும் நானும் ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டியின் நடுவே மட்டை வைத்து மறித்தோம். இரண்டு பக்கமும் ஒரே வளவு மண். ஒரு பக்கத்துக்கு, பைக்கற்றில் சொன்ன அளவில் கரைத்த பங்கசுநாசினி நீர் அரைக் கோப்பை. மற்றப் பக்கத்துக்கு அதே அளவு கிணற்று நீர். மட்டையை எடுத்துவிட்டு, நடுக்கோட்டில் பத்துப் புழு. துணியால் மூடி இரண்டு நாள். பிறகு மட்டையை மீண்டும் செருகி எண்ணினோம். கிணற்று நீர்ப் பக்கம் ஒன்பது. பத்தாவது, மட்டைக்கு அடியில், நஞ்சு மண்ணில் வாலும் நல்ல மண்ணில் தலையுமாக இறந்து கிடந்தது. பிள்ளை நெடுநேரம் பேசவில்லை. இது ஆய்வென்று நான் சொல்ல வரவில்லை, ஒரு பெட்டி ஒன்றையும் நிறுவாது. ஆனால் இதே முறை, 48 மணிநேரம், சர்வதேச தரச் சோதனையாக இருக்கிறது. ஐந்தில் நான்குக்கு மேல் ஒரு மண்ணை விட்டு ஓடினால், அந்த மண் வாழிடமாக இருக்கும் தகுதியை இழந்ததாகக் கொள்வார்கள். கையுறை போட்டு, ஆசிரியர் பக்கத்தில் நின்று செய்தால், தோட்டக்காரர் பிள்ளைகள் படிக்கும் எந்தப் பாடசாலையும் இதைச் செய்யலாம். பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்வதைத் தகப்பன் கேட்பான். என் தம்பி கேட்டான்.

மூன்றாவது வேண்டுகோள் மருந்துக்கடையைப் பற்றியது. தோட்டக்காரன் முதலில் போவது அங்கேதான், உங்களிடம் வருவது கடைசியில். அங்கே நிற்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்தது விற்பனைக்காரர் சொல்லிக்கொடுத்தது மட்டும். திணைக்களம் ஒரு தாள் அடித்துக் கொடுக்கட்டும். நம் சந்தையில் உள்ள நஞ்சுகள் ஒவ்வொன்றும் மண்புழுவுக்கு எப்படி, மண்ணில் எவ்வளவு காலம் நிற்கும், இலையில் அடிப்பதற்கா மண்ணில் ஊற்றுவதற்கா என்று தமிழில், பெரிய எழுத்தில். ஒரே நோய்க்கு இரண்டு மருந்து இருந்தால், புழுவுக்குத் தீங்கு குறைந்தது எது என்று அதில் இருக்கட்டும். கடைச் சுவரில் ஒட்டட்டும். இலையில் வந்த நோய்க்கு மண்ணில் ஊற்றும் பழக்கத்தை நிறுத்தினாலே பாதிப் புழு தப்பும். தாங்கியைக் கிணற்றுக் கட்டில் வைத்துக் கழுவும் பழக்கத்தைப் பற்றி நீங்கள் பலமுறை சொல்லியிருப்பீர்கள், இன்னும் சொல்லுங்கள்.

மீள்வது மெல்லத்தான் நடக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மண்புழு ஒரு தறையிலிருந்து அடுத்த தறைக்கு வேகமாகப் போவதில்லை. ஆண்டுக்குச் சில மீற்றர் தூரம்தான் பரவும். ஒருமுறை வெறுமையான எட்டுப் பரப்பு தானாக நிறைய வருடக் கணக்காகும். வேலியோரமாக ஒரு முழ அகலம் மருந்து படாமல் விட்டுச் சருகும் குழையும் போட்டு வந்தால், அங்கிருந்து உள்ளே வர வழி இருக்கும். கதிகால்களை வெட்டி மதில் கட்டும் இந்தக் காலத்தில், பூவரசும் கிளிசரியாவும் நிற்கும் வேலியை விட்டுவைப்பதும் உங்கள் ஆலோசனையில் சேர வேண்டும்.

தம்பியோடு பேசியிருக்கிறேன். வருகிற போகத்தில் கிணற்றடிப் பக்கத்து நான்கு பாத்திகளை எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். அவற்றில் மண்ணுக்கு எதுவும் ஊற்றுவதில்லை, குழை தாழ்ப்பது, நோய் கண்ட செடியை அன்றன்றே பிடுங்கி அகற்றுவது, தவிர்க்க முடியாவிட்டால் மட்டும் இலையில் அடிப்பது என்பது எங்கள் உடன்பாடு. விளைச்சல் குறைந்தால் அந்த நான்கு பாத்தியின் காசை நான் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். கார்த்திகையில், முதல் பெருமழை பெய்து மூன்றாம் நாள் விடிய ஆறு மணிக்கு அந்தப் பாத்திகளிலும் மற்றப் பாத்திகளிலும் குழி தோண்டி எண்ணப் போகிறோம். எங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியர் அந்த நேரத்துக்கு வந்தால், இரண்டாவது மண்வெட்டியும் ஒரு கொப்பியும் எடுத்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர்,
உரும்பிராய், யாழ்ப்பாணம்.